காசு கொடுத்தால் அரிவாள் இறங்குமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘வன்முறை குறைய வழி வேலைவாய்ப்பே’ என்ற அணியில் பேசப் போகிறீர்கள். ஏழை நாடுகளின் வறுமையையும் வன்முறையையும் ஆராயும் கிறிஸ் பிளாட்மன் என்ற பொருளாதார அறிஞரை ஆதாரமாகக் காட்டலாமா, அவர் கண்டது மதுரையில் பையன்கள் பழிக்குப் பழி என்று வெட்டிக்கொள்வதற்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டும்.

காட்டலாம். ஆனால் எதிரணியில் யாராவது அவருடைய ஆய்வுகளை முழுசாகப் படித்துவிட்டு வந்திருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். அவர் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரங்களில் பாதி உங்கள் அணிக்கு எதிராகப் பேசும். காசும் தொழிலும் வறுமையைக் குறைக்கின்றன என்பதற்கு அவரிடம் நல்ல சான்று இருக்கிறது. வறுமை குறைந்த இடத்தில் வன்முறையும் கூடவே குறைந்ததா என்று பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

பிளாட்மன் கனடாக்காரர். இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய முறை எளிமையானது. ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களில் யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது. கிடைத்தவர், கிடைக்காதவர் இரு தரப்பையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து போய் விசாரிப்பது. குலுக்கல் ஏன் என்றால், கவுன்சிலர் சிபாரிசில் கிடைத்தவனையும் கிடைக்காதவனையும் ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சிபாரிசு பிடிக்கத் தெரிந்தவன் திட்டம் இல்லாமலேயே பிழைத்துக்கொள்வான்.

முதலில் உகாண்டா. அந்த நாட்டின் வடக்கில் ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படை சுமார் இருபது வருடம் ஆட்டம் போட்டது. ஊருக்குள் புகுந்து சிறுவர்களைக் கடத்திக்கொண்டு போய்க் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். தப்பி வந்த இளைஞர்களைப் பற்றி பிளாட்மனும் அவருடைய மனைவியும் உளவியல் ஆய்வாளருமான ஜீனி ஆனனும் விரிவாக விசாரித்தார்கள். இவர்கள் எல்லாம் இனி மிருகங்கள், ஊருக்கே ஆபத்து என்று வெளியே ஒரு பேச்சு இருந்தது. விசாரித்தால் பெரும்பாலானவர்கள் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வருடங்கள் காட்டில் போய்விட்டன. அதனால் சம்பாத்தியம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. உண்மையான நஷ்டம் அங்கேதான் இருந்தது. இன்னொரு ஆச்சரியம், கடத்தப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓட்டுப் போடப் போனார்கள்.

அப்புறம் 2008-ல் அதே வட்டாரத்தில் உகாண்டா அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, என்ன தொழில் செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வான குழுவுக்கு ஆளுக்குச் சராசரியாக 382 டாலர், அன்றைய மதிப்பில் பதினாறாயிரம் ரூபாய் அளவுக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத பணம். கண்காணிக்க யாரும் கூடவே போகவில்லை. தகுதி பெற்ற 535 குழுக்களில் 265-க்குக் குலுக்கலில் கிடைத்தது. தையல், தச்சு, வெல்டிங், முடிதிருத்தகம் என்று போனார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், பணம் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகம். தொழில் சாமான்களின் மதிப்பு 57 சதவீதம் அதிகம். ‘சும்மா கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்’ என்று நம் ஊரிலும் டீக்கடைக்கு டீக்கடை சொல்கிற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இதுவரை உங்கள் அணிக்குக் கைதட்டல். அடுத்த வரியில்தான் சிக்கல். சண்டை சச்சரவு, அடாவடி, போராட்டங்களில் இறங்குவது, அக்கம்பக்கத்தாரோடு ஒட்டுறவு, இவை எதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வயிறு நிறைந்தது, குணம் அப்படியே இருந்தது. (அவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே சாதுவான பிள்ளைகள், குறைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.) ஒன்பதாவது வருடம் மறுபடி போய்ப் பார்த்தபோது, பணம் கிடைக்காதவர்களும் எப்படியோ முட்டி மோதி அதே வருமானத்துக்கு வந்திருந்தார்கள். பணம் கிடைத்தவர்களிடம் சொத்தும் கைத்தொழிலும் கூடுதலாக நின்றன, பிள்ளைகளின் ஆரோக்கியம் கொஞ்சம் தேறியிருந்தது. அந்தப் பணம் அவர்களை ஐந்தாறு வருடம் முன்கூட்டியே கரையேற்றியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். உகாண்டாவில் பரம ஏழைகளான, பெரும்பாலும் பெண்களான 1,800 பேருக்கு 150 டாலரும் ஐந்து நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். வருமானம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. வீட்டுக்குள் கணவன் கை நீட்டுவது குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மகளிர் குழுக்களோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். ஒரு குழுவின் கணக்காளர் அக்கா, மூன்று கறவை மாடு வைத்து நன்றாகவே நிமிர்ந்தவர். சேமிப்பு நோட்டில் ஒரு ரூபாய் பிசகாது. ஒரு வாரக் கூட்டத்தில் முந்தானையைத் தாடையோடு சேர்த்து இழுத்துப் பிடித்தபடியே பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டுக்கடனில் கடைசித் தவணை கட்டிய வாரம் அது. களஞ்சியம் மாதிரியான மகளிர் சேமிப்புக் குழுக்கள் இந்தச் சீமைக்குச் செய்தது எவ்வளவோ. களஞ்சியத்தின் தலைவி புல்லுச்சேரிச் சின்னப்பிள்ளை அம்மாவின் காலைத் தொட்டு ஒரு பிரதமரே வணங்கினார் என்றால் அது சும்மா வந்த மரியாதை இல்லை. கந்துவட்டியிலிருந்து மீட்டார்கள், வங்கி வாசலை மிதிக்கவைத்தார்கள். புருஷனின் கையைக் கடன் தொகை கட்டிப்போடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வேலை என்றால் கம்பெனி வேலை என்று எதிரணி திருப்பினால் எத்தியோப்பியாவைப் பாருங்கள். ஐந்து தொழிற்சாலைகளில் விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் சிலருக்கு வேலை, சிலருக்கு 300 டாலரும் பயிற்சியும், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. தொழிற்சாலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். சம்பளம் குறைவு, உடம்புக்கும் கெடுதல். பணம் வாங்கியவர்களின் வருமானம் 33 சதவீதம் கூடியது. ஐந்தாவது வருடம் மூன்று தரப்பும் ஒன்றாகிவிட்டன. கப்பலூர் சிட்கோவில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டு ஓடிவந்த பையனை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அவன் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இந்த ஆய்வை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, லைபீரியாவுக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

லைபீரியாவில் 1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் இடையில் கொஞ்சம் ஓய்ந்து, 2003-ல்தான் ஒருவழியாக முடிந்தது. தலைநகர் மன்ரோவியாவின் தெருக்களில் பிக்பாக்கெட், வழிப்பறி, போதைப்பொருள் விற்பனை என்று ஒரு கூட்டம். அதில் முன்னாள் போராளிகளும் உண்டு. ஜான்சன் போர் என்ற உள்ளூர்க்காரர் அங்கே ஒரு சிறு அமைப்பு நடத்திவந்தார். தெருப் பையன்களை உட்காரவைத்துப் பேசி மாற்றுவதற்கு அவர்களே ஒரு முறையை உருவாக்கி வைத்திருந்தார்கள். பிளாட்மன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அது வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்தார். வெளிநாட்டு அறிஞர் வந்து வழி காட்டினார் என்று பட்டிமன்றத்தில் பேசிவிடாதீர்கள்.

ஊரிலேயே ரொம்ப ஆபத்தானவர்கள் என்று தேடிப் பிடித்த 999 ஆண்கள். குலுக்கலில் நான்கு தரப்பு: ஒரு தரப்புக்கு எட்டு வாரப் பயிற்சி, ஒரு தரப்புக்கு 200 டாலர் ரொக்கம், ஒரு தரப்புக்கு இரண்டும், கடைசித் தரப்புக்கு எதுவும் இல்லை. பயிற்சி என்றால் வகுப்பறைப் பாடம் கிடையாது. இருபது பேர் சேர்ந்து உட்கார்வார்கள், வாரம் மூன்று முறை. நடத்துபவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே தெருவில் அதே தொழில் செய்தவர்கள். கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் அங்கிருந்து நகர்வது எப்படி, மூச்சை எப்படி விடுவது, ஒருத்தன் முறைத்தால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று பேசுவார்கள், நடித்துப் பார்ப்பார்கள். வீட்டுப்பாடமும் உண்டு: முடி வெட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு, சுத்தமான சட்டையோடு ஒரு வங்கிக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ போய்வர வேண்டும். விரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவனை யாரும் விரட்டவில்லை என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. சிலரை விரட்டவும் செய்தார்கள். அதையும் அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். உளவியலில் இதை அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள்.

பணம் மட்டும் வாங்கியவர்கள் அதைக் கஞ்சாவில் கரைக்கவில்லை. சின்னச் சின்ன வியாபாரம் ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு திருட்டுப் போனது, நஷ்டமானது, பழைய இடத்துக்கே வந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் சில வாரங்களிலேயே மாற்றம் தெரிந்தது, திருட்டும் போதை விற்பனையும் குறைந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் தேய்ந்துபோயிருந்தது, பயிற்சியோடு பணமும் பெற்றவர்களிடம் நிலைத்திருந்தது. பத்து வருடம் கழித்துத் தேடிப் போனார்கள். பயிற்சியும் பணமும் பெற்றவர்களிடம் திருட்டு, வழிப்பறி, போதை விற்பனை எல்லாம், எதுவும் பெறாதவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் குறைவு இருந்தது, ஆனால் உறுதியாக நம்ப முடியாத அளவில். இரண்டும் பெற்றவர்களிடம் உறுதியாக இருந்தது. ஆரம்பத்தில் மகா முரடர்களாக இருந்தவர்களிடமே மாற்றம் அதிகம். மொத்தச் செலவு ஆளுக்கு 530 டாலர், இன்றைய கணக்கில் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

இங்கே நிதானமாக யோசியுங்கள். பணத்தால் வந்த வருமானம் சில மாதத்தில் போய்விட்டது. பிறகு பணம் செய்த வேலை என்ன? பயிற்சி முடிந்த கையோடு தெருவுக்குத் திரும்பும் பையன், புதுப் பழக்கம் ஊறுவதற்குள் மறுநாள் சோற்றுக்கே பாக்கெட் அடிக்க வேண்டியிருந்தால் கற்றது எல்லாம் காற்றோடு போய்விடும். கையில் இரண்டு மூன்று மாதச் சம்பாத்தியம் இருந்தால் புது ஆளாக நடந்து பழக அவகாசம் கிடைக்கிறது. பிளாட்மன் குழுவும் ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறது. எனக்கும் இது சரியாகவே படுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆய்வு, அதுவும் லைபீரியாதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், பலர் முன்னாள் போராளிகள். விவசாயப் பயிற்சியும் தொழில் முதலும் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து நாடான ஐவரி கோஸ்டில் சண்டை மூண்டு, கூலிக்கு ஆள் பிடிக்க ஏஜெண்டுகள் சுற்றினார்கள். தொழில் முதல் இன்னும் கைக்கு வந்து சேராமல், ‘இன்னும் வர வேண்டியது இருக்கிறது’ என்று காத்திருந்தவர்கள்தான் அந்தப் பேச்சுக்கு அதிகம் மயங்காமல் இருந்தார்கள். வாங்கி முடித்த பணத்தைவிட வரப்போகும் பணத்துக்குக் கட்டிப்போடும் சக்தி அதிகம். மானியத்தை ஒரே நாளில் மேடை போட்டுக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ளும் நம் ஆட்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்போது மதுரை. எல்லா வன்முறைக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 1997 ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தனித் தொகுதியாக ஆக்கப்பட்ட ஊராட்சியில் ஒரு தலித் தலைவராக உட்காரக் கூடாது என்பதற்காக நடந்த கொலை அது. வெட்டியவர்கள் கோபத்தை அடக்கத் தெரியாமலோ வேலை இல்லாமலோ அதைச் செய்யவில்லை. அதிகாரம் கைமாறுவதைப் பொறுக்காதவர்கள் செய்தது. அதற்குச் சட்டமும் தண்டனையும்தான் பதில். மூச்சுப் பயிற்சியைக் கொண்டுபோய் அங்கே நீட்டினால் அபத்தம்.

கட்டப்பஞ்சாயத்து இன்னொரு வகை. கொலம்பியாவின் மெடெயின் நகரில் தெருவுக்குத் தெரு கும்பல்கள் மாமூல் வாங்கிக்கொண்டு சண்டையைத் தீர்த்துவைப்பதைப் பற்றி பிளாட்மன் குழு ஆராய்ந்தது. அரசு நெருங்கி வந்தால் கும்பல் ஒதுங்கும் என்றுதானே நினைப்போம்? அரசு அலுவலகம் பக்கத்தில் இருந்த இடங்களில் கும்பல் இன்னும் மும்முரமாகப் பஞ்சாயத்து பண்ணியது. வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்க மனமில்லை. போதை விற்கும் தெருவில் ஜனங்கள் தன் பக்கம் இருந்தால் போலீஸ் தலையீடும் குறையும் என்பது அதன் கணக்கு.

நீங்கள் கேட்பது மூன்றாவது வகை: பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும் பையன்கள், ‘பழிக்குப் பழி’. லைபீரியா பொருந்துவது இங்கேதான். நம் ஊர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘முதலாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரை ஒரு தடவை நின்று படித்துப் பாருங்கள். நடுவில் செத்தவன் படம், மீசையை முறுக்கியபடி. சுற்றிலும் பாஸ்போர்ட் அளவில் முப்பது நாற்பது முகம், கீழே ‘என்றும் உன் நினைவில்’ என்று பட்டப்பெயர்கள். பாதிப் பேருக்கு மீசையே சரியாக அரும்பவில்லை. அந்தக் கட்டத்துக்குள் முகம் வந்துவிட்ட பையன் அடுத்த வருடம் வரை சும்மா இருந்தால் ‘என்னடா, ஒண்ணும் செய்யலையா’ என்று கேட்க ஆள் இருக்கிறது. எதிர்த்தரப்பும் அதே போஸ்டரைப் படித்துவிட்டு, அவன் முந்துவதற்குள் நாம் முந்துவோம் என்று ஸ்கெட்ச் போடுகிறது. கண்டிஷன் ஜாமீனில் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வருகிறவன் எந்த நேரத்தில் எந்த வழியில் வருவான் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பிளாட்மன் 2022-ல் போர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், சண்டைக்கான ஐந்து காரணங்களில் ஒன்றாக இந்த நம்பிக்கையின்மையைத்தான் சொல்கிறார்: எதிரி வாக்கைக் காப்பாற்றுவான் என்று நம்ப வழியில்லாதபோது முந்திக்கொள்வதே புத்திசாலித்தனமாகத் தெரியும். பழிக்குப் பழி என்பதை நாம் ரத்தத்தின் சூடு என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது பயம்.

அதே புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வாதம், சண்டை போடாதவர்களையும் எண்ணுங்கள் என்பது. வரப்புத் தகராறு, கண்மாய் மீன் குத்தகை, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, வாடிவாசலில் யார் மாடு முதலில், இப்படி மேலூரிலிருந்து சோழவந்தான் வரை தினம் ஒரு வம்பு. பெரும்பாலானவை தாசில்தார் முன் அமைதிக் கூட்டத்திலோ பெரியவர்கள் பேச்சிலோ முடிந்துவிடுகின்றன. அவனியாபுரம் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்ற பிரச்சினை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. கோர்ட்டுக்குப் போவதும் சண்டையைத் தவிர்க்கும் வழிதான். வெட்டில் முடிந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ‘மதுரைக்காரன் என்றாலே அரிவாள்’ என்று பேசுவது சோம்பேறித்தனம்.

முத்திரை குத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் பதினாறு பேரை வெள்ளைக்காரன் போலீஸ் சுட்டுக் கொன்றது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு சமூகத்தையே பதிவு செய்து ரேகை எடுக்க வந்ததை எதிர்த்ததுதான் அவர்கள் செய்த குற்றம். நீ பிறவியிலேயே இப்படித்தான் என்று அரசாங்கமே எழுதி வைத்தால் மனுஷன் எங்கே போய் மாறுவது? லைபீரியாப் பயிற்சியின் உயிர்நாடி இதற்கு நேர் எதிரானது. நீ இன்னொரு ஆளாக இருக்க முடியும், இருந்து பார் என்று நடக்கவைப்பது. நம்மிடம் இருப்பது 1982-ன் குண்டர் சட்டம். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். அந்த ஒரு வருடம் தெரு அமைதியாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. வெளியே வரும்போது அவனுக்கு உள்ளே நான்கு புதுக் கூட்டாளிகள் கிடைத்திருப்பார்கள்.

‘ஒழுங்காகப் படித்துவிட்டு வேலை தேடுகிற பையனுக்கு ஒன்றும் இல்லை, ரவுடிக்கு ரொக்கமா?’ என்று பட்டிமன்றத்தில் நிச்சயம் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, மழுப்பாதீர்கள். படித்த பையனுக்கு உகாண்டா மாதிரி, ஊரறியக் குலுக்கல் போட்டுத் தொழில் முதல். அது வறுமைக் கணக்கு, பெரிய கணக்கு. லைபீரியாக் கணக்கு ரொம்பச் சின்னது. எந்த ஊரிலும் கொடும் வன்முறையில் இறங்குகிறவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் யார் யார் என்று வெளியிலிருந்து ஆராய்ச்சியாளர் வந்து தேட வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏட்டையா மேஜையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் முன்னால் கூப்பிட்டு நன்னடத்தைப் பாண்டு எழுதி வாங்க மட்டும்தான் இதுவரை அதை எடுக்கிறார்கள்.